குலதெய்வம் தேடிச் செல்லும் தம்பதியரின் கார்ப் பயணம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

‘அப்படியே நாலு கோயிலைப் பார்த்துட்டு, பாட்டன் ஊரையும் விசாரிச்சுட்டு வந்துடலாம்’ என்று சனிக்கிழமை விடியற்காலையில் சென்னையை விட்டுக் கிளம்பும் கணவன்-மனைவியரே இவ்வாய்வின் பொருள். விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, வடலூர், அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போகும் சாலை இதன் களம். ‘குலதெய்வ வழிபாடு விட்டுப்போயிருக்கு’ என்று ஒரு ஜோசியர் சொன்னதே பெரும்பாலும் பயணத்தின் தோற்றுவாய்.

நமது கருதுகோள் இது: இப்பயணத்தில் பாட்டன் கணவனுக்கு, கோயில் மனைவிக்கு. ‘நம்ம வம்சம்’ என்று கணவன் சொல்வது அவனுடைய அப்பாவின் அப்பாவின் அப்பாவை மட்டும்தான். தாலி ஏறிய அன்றே மனைவிக்குக் குலதெய்வம் மாறிவிட்டது. அதற்கான இழப்பீடாகக் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் வழங்கப்படுகின்றன. பண்ருட்டியில் பலாப்பழமும் சேர்த்தி. வண்டிக்குள் மூன்று நாள் மணக்கும் என்பதால் கணவன் அதைக் கடைசிவரை எதிர்ப்பான்.

கணவன் கையாளும் முறை ஆவணமுறை. கைப்பேசியில் பழைய பட்டாவின் படம் இருக்கும். அதில்தான் சிக்கலே. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலையெழுத்துதான். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதும் வழக்கம். ஆகவே ரா. கோவிந்தசாமியின் மகன் கோ. ராமசாமி, அவர் மகன் மறுபடி ரா. கோவிந்தசாமி. நூறு வருஷத்துக்கு இரண்டே பேர் மாறி மாறி நிலம் வாங்கி விற்றதுபோல் இருக்கும். பட்டாவில் இருப்பவர் கொள்ளுத்தாத்தாவா, அவருடைய பேரனா என்பதைச் சிவபெருமானே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர் கர்ணம் ஒருவரே. பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது, நியாயமாகவே ஒழிந்தது. ஆனால் யார் வீட்டு ஓட்டை யார் பிரித்தார் என்ற ஞாபகமும் அதோடு போயிற்று. கிராம நிர்வாக அலுவலகமோ ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்.

இடையில் தஞ்சைப் பெரிய கோயில். 1010-இல் நிறைவுற்ற இக்கோயிலின் கல்வெட்டுகளில் சுமார் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் விவரம் உண்டு. பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று ஒவ்வொருவருக்கும் கணக்கு. வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும் மனைவி கணவனைத் திரும்பிப் பார்க்கிறாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆடல்மகளிரின் வீட்டு எண் கல்லில் இருக்கிறது. 1960-களில் பாட்டன் விற்றுவிட்டுப் போன வீடு மேலத்தெருவா கீழத்தெருவா என்பது இவனுக்குத் தெரியாது. இப்பார்வை நாம் அறிந்த தம்பதியர் அனைவரிடமும் மாறுபாடின்றிக் காணப்படுகிறது.

மனைவி கையாளும் முறை திண்ணைமுறை. ஊருக்குள் போனதும் கணவன் டீக்கடையில் பட்டாவைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருப்பான். அவள் பூ விற்கும் ஆத்தாவிடம் இரண்டு முழம் வாங்கி, காசு கொடுக்கும்போது பேச்சுக் கொடுப்பாள். “யாரு வூட்டுப் புள்ளைங்க நீங்க?” என்பது முதல் வினா. பட்டாவில் உள்ள பெயர் இங்கே செல்லாது, பட்டப்பெயர்தான் செல்லும். “கொடிக்கா வச்சிருந்தாரே, ஒத்தக் கடுக்கன் போட்டுக்கிட்டு, அவரு பேரனா? சாமி ஆத்தங்கரையில இருக்கு, போங்க” என்று இரண்டு நிமிஷத்தில் ஆய்வு முடிந்துவிடுகிறது. கணவன் இதை வாய்மொழித் தரவு என்று சற்று இளக்காரமாக ஏற்றுக்கொள்வான்.

ஆத்தா விடுவதில்லை. “ஒனக்கு எந்த ஊரு ஆயி?” என்பாள் அடுத்து. பயணம் தொடங்கியதிலிருந்து மனைவியிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஊரைச் சொன்னதும், “அங்கதான எங்க சின்னம்மாவ கட்டிக்குடுத்தது! குளத்து மேட்டுல வீடு” என்கிறாள். மனைவி, “அது எங்க அம்மாச்சி வீட்டுக்கு அடுத்த வீடு ஆத்தா” என்கிறாள். அந்த ஊர் அங்கிருந்து இருபது கிலோமீட்டர்.

“ஏங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?”

கணவன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரனூர் டோல்கேட்டில் கூட்டம் சேர்ந்துவிடும் என்கிறான். தாய்வழித் தரவுகள் இவ்வாய்வில் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.