தாத்தா, பி.ஏ.

2011 மே மாதம் எனக்குப் பெயர் போய்விட்டது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து டீக்கடை, ரேஷன் கடை, கோயில் கொடை என்று எங்கே போனாலும் என்னை "கட்-ஆஃப் எம்புட்டு?" என்றுதான் கூப்பிட்டார்கள்.

178.25. கணக்கில் 200-க்கு 180, அதில் பாதி 90. இயற்பியல் 176, அதில் கால்வாசி 44. வேதியியல் 177, கால்வாசி 44.25. தமிழில் 186 எடுத்திருந்தேன். அதை ஒரு ஈ காக்கா கேட்கவில்லை. யாராவது வாய் தவறி "178-ஆ?" என்றால் போதும், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து கால் மார்க்கைச் சேர்த்துவிட்டுப் போவாள்.

அதற்கப்புறம் பொறியியல் சேர்க்கைக்கான ரேண்டம் நம்பர் வந்தது. பத்து இலக்கம். அப்போதெல்லாம் இரண்டு பேர் கட்-ஆஃப் சமமாயிருந்தால் யாருடைய கணக்கு மார்க் அதிகம் என்று பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் இயற்பியல், பிறகு நாலாவது பாடம், பிறகு பிறந்த தேதி. வயதில் மூத்தவன் முந்துவான். பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால்தான் இந்த நம்பருக்கே வேலை. பெரிய நம்பர்க்காரன் ஜெயிப்பான். என்னுடையது 2-இல் தொடங்கியது. அம்மா பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் நேர்ந்துகொண்டாள். அப்பா எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "ஒரு மாசம் முன்னாடியே பெத்திருக்கலாம்" என்றார்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். எங்களைச் சாய்த்தது முதல் பட்டதாரிச் சான்றிதழ்.

குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவனுக்குக் கல்விக் கட்டணச் சலுகை என்று அதற்கு முந்தின வருஷம்தான் அரசாணை போட்டிருந்தார்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி என்று ஒருத்தரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. வி.ஏ.ஓ. விசாரித்து எழுத வேண்டும், ஆர்.ஐ. பரிந்துரைக்க வேண்டும், அப்புறம் தாலுகா ஆபீஸ். எங்கள் குடும்பத்துக்கு இதைவிடச் சுலபமான தேர்வு இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வி.ஏ.ஓ. மனுவை வாங்கித் தாத்தா பெயரைப் படித்ததும் பேனாவை மூடினார்.

"தம்பி, உங்க தாத்தா பி.ஏ. இல்ல?"

அங்கேதான் சிக்கல். எங்கள் ஊரில் தாத்தாவின் பெயரே பி.ஏ. தாத்தாதான். கரண்ட் ஆபீஸுக்கு மனு, ரயில்வேக்குப் புகார், சிங்கப்பூருக்குத் தந்தி எல்லாம் அவர் கை எழுதியவை. எங்கள் சொந்தத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் கமா போட்டு பி.ஏ. என்று இருக்கும். வி.ஏ.ஓ. கல்யாணத்துப் பத்திரிகையிலேயே அப்படித்தான் அடித்திருந்தார்களாம்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிக் கேட்பது? 'தாத்தா, நீங்கள் நிஜமாகவே பாஸா?' என்று ஐம்பது வருஷத்து மரியாதையைப் பேரன் கேட்கலாமா? நான் மென்று முழுங்குவதைப் பார்த்து அவரே, "கணக்கப்பிள்ளை என்ன சொல்லுதான்?" என்றார். கணக்கப்பிள்ளை போய் வி.ஏ.ஓ. வந்து முப்பது வருஷம் ஆகிறது. தாத்தா அதை இன்னும் அங்கீகரிக்கவில்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியை இழுத்தார்.

வேட்டிகளுக்கு அடியில், ரச கற்பூர வாசனையோடு ஒரு காகிதம். மதுரைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வருவதற்கு நாலு வருஷம் முன்னால், 1962-இல், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எல்லாப் பாடமும் பாஸ். பார்ட் ஒன் இங்கிலீஷுக்கு நேரே மட்டும் சிவப்பு மை. ஊரில் யாராவது பட்டம் எங்கே என்று கேட்டால் "மெட்ராஸ்ல இருந்து வரணும்" என்பாராம். ஒரு விதத்தில் பொய்யில்லை.

மறுநாள் அவரே ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். தான் பட்டம் பெறவில்லை என்று முழுப் பக்கத்துக்கு, தளதளவென்ற இங்கிலீஷில். வி.ஏ.ஓ. இரண்டு முறை படித்தார். சந்தேகம் கூடிவிட்டது.

"அய்யா, இவ்வளவு நல்லா இங்கிலீஷ் எழுதுறவரு இங்கிலீஷ்ல ஃபெயில்னு நான் எப்படி எழுதுறது?"

தாத்தா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. ஐம்பது வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை அது. தப்பான இடத்தில் வந்து சேர்ந்திருந்தது. கடைசியில் சிவப்பு மைக் காகிதத்தைக் காட்டி, மனுவைத் தமிழில் திருப்பி எழுதிக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. சைக்கிளில் திரும்பும்போது பின்னாலிருந்து, "உங்க ஆச்சிக்குத் தெரிய வேண்டாம்லே" என்றார். ஆச்சிக்குக் கல்யாணத்தன்றே தெரியும் என்பது எனக்கே தெரியும். சொல்லவில்லை.

கவுன்சலிங்குக்கும் அவர்தான் துணைக்கு வந்தார். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அப்போது அரசுப் பேருந்தில் மாணவனுக்கும் கூட வருபவருக்கும் பாதி டிக்கெட். 'ஒற்றைச் சாளர முறை' என்பதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு, கிண்டியில் இறங்கியதிலிருந்து ஜன்னலைத் தேடினார். அங்கே பந்தலும், பந்தல் நிறைய அப்பாக்களும், பெரிய திரைகளும்தான் இருந்தன. திரையில் கல்லூரி வாரியாகக் காலியிடம் ஓடியது. ஷேர் மார்க்கெட் மாதிரி, ஆனால் இறங்க மட்டும்தான் தெரியும்.

"ஒண்ணாம் நம்பர் காலேஜ் எதுலே?"

"நாம நிக்கிறதுதான் தாத்தா." கிண்டி பொறியியல் கல்லூரிக்குக் கோட் எண் 1. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி. என் கட்-ஆஃபுக்கு அதன் மரத்தடியில் உட்கார மட்டும் அனுமதி உண்டு.

வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தது ஈ.சி.ஈ. பட்டியலில் நாங்கள் குறித்துவைத்திருந்த கல்லூரியில் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. என் முறை வருவதற்குள், கண்ணெதிரே, அந்த 1 பூஜ்யமானது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்கா, "வேற என்ன வேணும் தம்பி? சீக்கிரம் சொல்லுங்க" என்றார். பதினேழு வயதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதில் கைவசம் இல்லை. தாத்தா திரையைக் கூர்ந்து பார்த்து, "மூணு ஈ இருக்கே, அதைப் போடும்மா" என்றார். ட்ரிபிள் ஈ. மின்சாரத்துக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அப்படித்தான் ஏற்பட்டது.

2014-இல் அத்தை மகள் கல்யாணம். பத்திரிகை ப்ரூஃப் திண்ணைக்கு வந்தது. தாத்தா பெயருக்குப் பக்கத்தில் வழக்கம்போல் பி.ஏ. அதற்குக் கீழே என் பெயர், கமா, பி.இ.

"தாத்தா, நான் இன்னும் முடிக்கல. மூணு அரியர் இருக்கு" என்றேன் மெதுவாக.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"எனக்கு ஒண்ணுதான்" என்றார்.