பச்சைத் திரையும் என் இலக்கிய வாழ்வும்

நான் எழுத்தாளன் ஆகாமல் போனதற்குக் கைப்பேசிதான் காரணம் என்று வீட்டில் எல்லோரையும் நம்பவைத்திருந்தேன். நானும் நம்பித் தொலைத்ததுதான் வினை. எழுதுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு கருவி கிடைத்தால் நாவல் தானாக வந்து விழுந்துவிடும் என்று தோன்றியது. லண்டனில் ஞாயிற்றுக்கிழமை காலை கார் பூட் சேல் ஒன்றில் அப்படியொரு கருவி, பழைய குடைகளுக்கும் உடைந்த டோஸ்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. ஆம்ஸ்ட்ராட் பிசிடபிள்யூ 8256.

"ஏங்க, நம்மகிட்டதான் டிவி இருக்கே?" என்றாள் மனைவி.

"இது கம்ப்யூட்டர்."

"அதுவும்தான் இருக்கே."

விவாதத்தில் தோற்றதும் வாங்கிவிடுவது என் வழக்கம். காரில் ஏற்றினேன்.

1985இல் இந்தக் கருவி வந்தபோது, ஆம்ஸ்ட்ராட் முதலாளி ஆலன் ஷுகர் கம்ப்யூட்டர் பிரியர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் குறி வைத்தது டைப்ரைட்டர் வைத்திருந்த ஆட்களை. திரை, விசைப்பலகை, பிரிண்டர், லோகோஸ்கிரிப்ட் என்ற எழுதும் மென்பொருள் எல்லாம் சேர்த்து 399 பவுண்டு, வரி தனி. கதை எழுதுகிறவர்களும் பாதிரியார்களும் சங்கச் செயலாளர்களும் டைப்ரைட்டரைப் பரணில் போட்டுவிட்டு இதற்கு மாறினார்கள். வீட்டு உபயோகத்துக்கு அதுவரை இருந்தவை அவ்வளவு வசதியானவை அல்ல. சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் திரையில் வரிக்கு 32 எழுத்துதான். டாஸ்வேர்ட் மென்பொருள் எழுத்துகளை ஒட்டக் காயப்போட்டு 64 ஆக்கியது. படிப்பவர் கண்ணைப் பற்றி அது கவலைப்படவில்லை. பிசிடபிள்யூவில் வரிக்கு 90 எழுத்து, பச்சைப் பசேலென்று.

எழுதும் மென்பொருளில் எனக்குப் பழக்கமானது வேர்ட்ஸ்டார். எண்பதுகளின் கடைசியில் சென்னைக் கம்ப்யூட்டர் சென்டரில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் பயபக்தியோடு நுழைந்து கற்றது. வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்ற மும்மூர்த்திகள் அருள்பாலித்தால் வேலை கிடைக்கும் என்றார்கள். கன்ட்ரோல் கே, பி அடித்தால் பத்தியின் தொடக்கம். கே, கே அடித்தால் முடிவு. கே, வி அடித்தால் இடம் மாறும். சேமித்துக் கோப்பை மூட கே, டி. இன்றும் என் விரல்கள் பாதித் தூக்கத்தில் அதைத்தான் தேடுகின்றன. லோகோஸ்கிரிப்ட்டில் அந்த மந்திரமெல்லாம் இல்லை. கட், காப்பி, பேஸ்ட் மூன்றுக்கும் விசைப்பலகையிலேயே தனித்தனிப் பொத்தான். வெட்டிய பத்திகளை 0 முதல் 9 வரை எண் கொடுத்துப் பத்து அறைகளில் போட்டு வைக்கலாம். என்னிடம் ஒரே சமயத்தில் பத்துப் பத்திகள் இருந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டதும் திரை முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. அதோடு சரி. இந்தக் கருவிக்குள் 256 கேபி ராம் உண்டு. ஆனால் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளத் தனியாக ஒரு ரோம் சிப் கிடையாது. செலவு மிச்சம். விழித்தெழுவதற்கான சில கட்டளைகளைப் பிரிண்டரைக் கவனிக்கும் சிப்பின் மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவை கண் திறந்ததும் ஃப்ளாப்பியைத் தேடும். ஃப்ளாப்பியிலிருந்து லோகோஸ்கிரிப்ட் ஏற ஏறத் திரையில் பட்டை பட்டையாகக் கோடு இறங்கும். எனக்குக் கோடு இறங்கவில்லை. பீப் பீப் என்ற கத்தல் மட்டும் வந்தது.

டிரைவைத் திறந்து பார்த்தேன். உள்ளே தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் கருப்பட்டிப் பாகாக உருகி ஒட்டிக்கிடந்தது. இந்த டிரைவுகளின் பரம்பரை வியாதி அது. புது பெல்ட் தபாலில் வரும்வரை சமையலறை மேசை ஆபரேஷன் தியேட்டர் ஆனது. "அப்பா, நாவல் எப்போ?" என்று மகள் கேட்டாள். "பெல்ட் வரட்டும்" என்றேன். எவ்வளவு நிம்மதியான பதில்! கைப்பேசிகூட எனக்கு இத்தனை நல்ல சாக்கைத் தந்ததில்லை.

பெல்ட் வந்தது, கோடுகளும் இறங்கின. எழுத உட்கார்ந்தேன். நோட்டிஃபிகேஷன் இல்லை, இணையம் இல்லை, கிரிக்கெட் ஸ்கோர் இல்லை. முதல்முறையாக என் கற்பனை வளத்தை நேருக்கு நேர் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

லோகோஸ்கிரிப்ட்டைக் குறை சொல்பவர்கள், பெரிய ஆவணத்தில் கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொல்லிவிட்டு டீ குடித்து வரலாம் என்பார்கள். என் ஆவணங்களில் அந்தக் குறையே தெரியவில்லை. அதில் எனக்குப் பிடித்த வசதி லிம்போ. அழித்த கோப்பு உடனே சாகாது, திரிசங்குவாகத் தொங்கும். மனம் மாறினால் மீட்கலாம். ஃப்ளாப்பியில் இடம் போதாதபோதுதான் மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்தும். ஒரு பக்கத்தில் சுமார் 180 கேபி. மறுபக்கம் வேண்டுமென்றால் தோசையைத் திருப்புகிற மாதிரி கையால் திருப்பிப் போடவேண்டும். என் முதல் அத்தியாயத்தின் பல பிறவிகள் லிம்போவில்தான் வாழ்ந்தன. இடம் போதாமல் போகுமளவுக்கு நான் எழுதாததால் அவற்றுக்குச் சாவே வரவில்லை.

ஒருநாள் வாக்குவம் கிளீனருக்காக மனைவி பிளக்கைப் பிடுங்கினாள். சேமிக்காத அத்தனையும் போயிற்று. நான் அலறியதைப் பார்த்துப் பயந்துபோய், "எவ்வளவுங்க போச்சு?" என்றாள். தலைப்பு, என் பெயர், அதன் கீழே ஒரு கோடு. கோடு நல்ல கோடு.

இவ்வளவு செலவழித்த பொருளை உபயோகிக்காமல் விடலாமா? மளிகைச் சாமான் பட்டியலை அதில் அடித்தேன். தமிழ் வராது, துவரம்பருப்பும் பெருங்காயமும் ஆங்கில எழுத்தில்தான். தலைப்பு நடுவில், தடித்த எழுத்தில், அடிக்கோட்டுடன். உயர்தர அச்சுக்கு நொடிக்குச் சுமார் 20 எழுத்து வேகம். ஊசிகள் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை கிறீச்சிட்டுக் குத்தின. பக்கத்து வீட்டு நாய் பதில் கொடுத்தது. விளிம்பில் துளைபோட்ட அந்தத் தாளைக் கடையில் நீட்டியதும், யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அண்ணை, இது பாங்க்கில இருந்து வந்ததே?" என்று மெல்லக் கேட்டார். என் அச்சிட்ட படைப்புக்கு வந்த முதல் விமர்சனம்.

இப்போது எங்கள் வீட்டில் மளிகைப் பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. உளுந்துக்கும் புளிக்கும் தனித்தனிக் கோப்பு. தீபாவளிக்கு ஒரு சிறப்பிதழ். ஆனால் ஃப்ளாப்பிகள் ஒவ்வொன்றாகப் படிக்க மறுக்கின்றன, இந்த மூன்று அங்குல அளவில் புதிதாக யாரும் தயாரிப்பதும் இல்லை. ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய பெட்டியிலோ 3 அங்குல ஃப்ளாப்பி கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்குத் தெரியப்படுத்துங்கள். மூன்றரை அங்குலம் வேண்டாம். அது நுழையாது.