குரங்கு பிடித்த கதை

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைகள் நம்மிடம் ஏராளம். முதல் நாளே குரங்கு என்று பெயர் வைத்துவிட்டு, பிள்ளையார் வருவாரா என்று வருஷக்கணக்கில் காத்திருந்த கதை ஒன்றும் உண்டு. ஜாவாவில் வீடியோ கேம் எழுத உதவும் எஞ்சின் அது; ஜேமங்கிஎஞ்சின் என்று பெயர்.

ஆண்டு 2003. நம் ஊரில் ஜாவா என்றால் பயபக்தி. ஜாவா கோர்ஸ் முடித்த பிள்ளைக்கு வேலையும் கிடைக்கும், பெண்ணும் கிடைக்கும். வீடியோ கேம் உலகத்திலோ ஜாவாவுக்குத் திண்ணையில்கூட இடமில்லை. அங்கே சி++ காரர்கள் ராஜ்யம். ஜாவாவா? போய் வங்கிக் கணக்கு எழுது என்றார்கள்.

அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. சி++இல் நினைவகத்தை வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் எழுதுபவரின் தலைவலி. ஜாவாவில் அதற்கென்றே ஓர் ஆள், கார்பேஜ் கலெக்டர். நல்ல மனுஷன்தான், நேரங்காலம் தெரியாது. பந்தியில் பாயசம் வருகிற சமயம் பார்த்து இலையெடுக்க வந்து நிற்பவர் மாதிரி, ஹீரோ பள்ளத்தைத் தாண்டி அந்தரத்தில் இருக்கும்போது மொத்த ஆட்டத்தையும் நிறுத்திவிட்டுக் குப்பை கூட்டுவார். நொடிக்கு 60 படம் ஓட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பதே 16 மில்லிநொடி சொச்சம். இதில் எங்கே கூட்டுவது?

கூட்டிப் பார்க்கலாம் என்றார் மார்க் பவல். டேவிட் எபர்லி சி++ காரர்களுக்காக எழுதிய எஞ்சின் புத்தகத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ஜாவாவில் ஓர் எஞ்சின் எழுத ஆரம்பித்தார். அவருடைய புனைபெயர் மோஜோமங்கி. எஞ்சினுக்கும் அதே வால். 2004 ஜனவரியில் ஜோஷுவா ஸ்லாக் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு, ஜாவாவைப் பெற்ற சன் நிறுவனமே தன்னுடைய ஜாவா 3டியைச் சமூகத் திட்டமாகப் பொதுவில் விட்டுவிட்டது. குரங்கணி அசரவில்லை. சம்பளமில்லாத ஆட்கள் ஊர் ஊராக உட்கார்ந்து திருத்தம் அனுப்பினார்கள்.

சம்பளமில்லாத இடத்தில் சண்டை மட்டும் தாராளமாகக் கிடைக்கும். 2008இல் ஸ்லாக் விலகி, செப்டம்பரில் ரிக்கார்ட் ஹெர்லிட்ஸுடன் சேர்ந்து ஆர்டோர்3டி என்று தனிக்குடித்தனம் போனார். பழைய வீட்டின் பெயர் சரியில்லை, நிரல் எங்கிருந்து வந்தது என்பதில் தெளிவில்லை, உரிமம் சரியில்லை, கூட்டம் நடக்கிற விதமும் சரியில்லை. மற்றபடி குறையொன்றுமில்லை.

பழைய வீடு சில மாதம் ஆளில்லாமல் கிடந்தது. பிறகு கிரில் வைனர் என்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன் என்று மூன்றாம் பதிப்பின் முதல் நிரலைப் பொதுவில் வைத்தார். தேதி: 2009 ஏப்ரல் 1. நான் கிண்டல் செய்யவில்லை, நாள்காட்டிதான் செய்தது.

அடுத்த மாதமே ஸ்வீடனில் மார்க்கஸ் பெர்சன் என்பவர் கட்டங்கட்டமாக ஒரு விளையாட்டை வெளியிட்டார். எழுதியது சாட்சாத் ஜாவாவில். எஞ்சின்? அப்படி எதையும் அவர் தேடவில்லை. எல்டபிள்யூஜேஜிஎல் என்ற நூலகத்தின் மேல் நேரடியாகக் கனசதுரங்களை அடுக்கினார். குரங்கு உட்கார்ந்திருந்ததும் அதே நூலகத்தின் மேல்தான். இலையெடுக்கிற ஆசாமி இங்கேயும் நடுநடுவே வந்தார், பிள்ளைகள் சகித்துக்கொண்டார்கள். அதுதான் மைன்கிராஃப்ட்.

2014இல் மைக்ரோசாஃப்ட் அதை 250 கோடி டாலருக்கு வாங்கியது. ஜேமங்கிஎஞ்சின் 3.0இன் நிலையான பதிப்பு வந்ததும் அதே 2014இல்தான். 2023க்குள் மைன்கிராஃப்ட் 30 கோடி பிரதிகள் விற்றிருந்தது. ஜாவாவில் கேம் எழுத முடியும் என்று ஆறு வருஷம் தொண்டை கிழியக் கத்தியவர்களின் கட்சி ஜெயித்தது; பதவி வேறொருவருக்குப் போனது.

குரங்கு சாகவில்லை. இன்னமும் இலவசம், இன்னமும் திறந்த நிரல், இன்னமும் யாரோ திருத்தம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஜாவா தெரிந்தவர்கள் இறக்கிப் பாருங்கள். விளையாட்டு எழுதுங்கள்; தயவுசெய்து இன்னொரு எஞ்சின் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள்.