மணலுக்கு அட்வான்ஸ் கிடையாது

கேள்வி: கடலோர பங்களா ஒன்று பிரபல நாவலுக்கு வித்திட்டதாமே? நம் மெரினா பக்கம் அப்படி ஏதும் உண்டா?
- ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: டாஃப்னி டு மாரியரைச் சொல்கிறீர்கள் போலும். கார்ன்வால் கடலோரத்து மெனாபிலி மாளிகையை மனத்தில் வைத்துத்தான் 'ரெபெக்கா'வை எழுதினார். நாவல் வந்தது 1938-இல். அதே வீட்டுக்கு அவர் குடிபோனது 1943-இல், அதுவும் வாடகைக்கு! புத்தகம் சக்கைப்போடு போட்டும் வீட்டுக்காரர்கள் விற்பதாக இல்லை.

நம் கல்கிக்கு பங்களாவே தேவைப்படவில்லை. மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது மனத்தில் விழுந்த விதைதான் 'சிவகாமியின் சபதம்'. மணலுக்கு ஏது அட்வான்ஸ்?

மெரினாவில் கட்டடம்தான் வேண்டும் என்றால் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டியது. உருகும் சரக்கை மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்து விற்றானே, அந்த வியாபாரியின் நெஞ்சழுத்தமே நூறு பக்கம் தாங்கும்! பிறகு அது வக்கீல் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். எழுதத் தெரிந்தவர்கள் சீக்கிரம் ஆரம்பியுங்கள். வெப் சீரிஸ்காரர்கள் முந்திக்கொண்டால் முதல் எபிசோடிலேயே ஐஸுக்குள் ஒரு பிணத்தை வைத்துவிடுவார்கள்.