டிரைவருக்கு நாள் பார்த்தல்

வெள்ளகோவிலில் டிரைவர் என்றால் முருங்கைக்காய் லாரி ஓட்டுபவர்தான் நினைவுக்கு வருவார். எண்ணெய் மில் கணினிக்குள்ளும் ஒருவர் இருக்கிறார், பிரிண்டரை ஓட்டுபவர். 'புதுப்பிக்கலாமா?' என்று திரை தினமும் பணிவோடு கேட்கிறது. முதலாளி அதைவிடப் பணிவோடு 'அப்புறம்' என்கிறார். என்ன மரியாதை!

புதுப்பிப்பவர்களும் புண்ணியவான்களே. புது டிரைவர் ஒத்துவராமல் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு ஓய்வு கிடைக்கும். கணக்குப்பிள்ளையின் கையெழுத்து திருந்தும். 2024 ஜூலை 19-ல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோப்பை அதன் டிரைவர் படித்தது. உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை பூண்டன. ஐதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை பேருக்கு ஒரே நாளில் எழுத்துப் பயிற்சி எந்தப் பள்ளியும் தந்ததில்லை.

காங்கயம் காளைக்குச் சுழி பார்த்து வாங்குகிற சீமை, டிரைவருக்கு நாள் பார்க்காதா? அமாவாசை, கரிநாள், செவ்வாய் தள்ளுபடி. வெள்ளி உத்தமம், 10.30-க்கு ராகு காலம் பிறக்குமுன் பொத்தானை அமுக்கிவிட வேண்டும்.

அந்த ஜூலை 19-ம் வெள்ளிதான். பழுதான கோப்பு கிளம்பியது நம் நேரப்படி காலை 9.39-க்கு, ராகு காலத்துக்கு 51 நிமிடம் முன்பு. நிறுவனம் அதைச் சரிசெய்தது 10.57-க்கு, ராகு காலத்துக்குள்.

முதலாளி காலண்டரை மாற்றிவிட்டார். டிரைவர் அப்படியே இருக்கிறார்.