பிழை காக்கும் கைகள்

ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசம் செய்வோரே, முதலில் உங்கள் கண்ணைப் புகழ வேண்டும். 1977இல் வெளிவந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். வெள்ளை வீரர்கள் ஓடினார்கள், சுட்டார்கள், விழுந்தார்கள். அதோடு எங்கள் பார்வை முடிந்தது. உங்கள் பார்வை அங்கேதான் தொடங்கியது. அந்தத் தலைக்கவசத்தின் வாயில் சிலவற்றுக்கு ஆறு பல்லிடுக்கு வெட்டியிருக்கிறது, சிலவற்றுக்கு எட்டு என்று கண்டுபிடித்தீர்கள். ஆறு உள்ளதற்குக் கண்வில்லை தட்டை. எட்டு உள்ளதற்கு வெளியே புடைத்தது. முன்னதற்கு ஸ்டன்ட் என்றும் பின்னதற்கு ஹீரோ என்றும் பெயர் வைத்தீர்கள். ஒன்றின் வில்லையை மற்றதில் பொருத்தியவரைப் பத்தடி தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடுவீர்கள். படம் எடுத்தவர்களே இவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கவசம் பிறந்த கதையையும் உங்களைவிடத் தெளிவாகச் சொல்பவர் இல்லை. ரால்ஃப் மெக்குவாரி வரைந்த ஓவியம். அதையொட்டி நிக் பெம்பர்டன் களிமண்ணில் பிடித்த தலை. பிரையன் மூயர் செதுக்கிய மார்பும் முதுகும் கைகால்களும். லண்டனின் ட்விக்கனம் பகுதியில் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த்தின் பட்டறையில், பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்த வார்ப்பு. படத்துக்காக அவர் செய்து கொடுத்தவை 50 தலைக்கவசங்கள். நாள் குறைவு, 1976 மார்ச்சில் துனிசியாவில் படப்பிடிப்பு தொடங்கியாக வேண்டும். கையால் பிடித்த களிமண் என்பதால் முகத்தின் இரு பாதியும் ஒத்துப்போகவில்லை. காதுப் பகுதிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நறுக்கப்பட்டன. கன்னத்துக் குழாயில் தெரியும் நீலக் கோடுகள் தூரிகையால் இழுத்தவை. ஒரு தலைக்கவசத்தின் கோடுகள் இன்னொன்றோடு எண்ணிக்கையில்கூடப் பொருந்துவதில்லை. திரையில் சில நொடி நம்பும்படி இருந்தால் போதும் என்று செய்தார்கள். செய்து முடித்து அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் அவசரத்தில் விட்டதை நீங்கள் நிதானமாகச் செய்கிறீர்கள். இந்தப் பெருமையை உங்களிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. கோணல் அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறதா என்று அளந்து பார்க்கிறீர்கள். கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுத்தால் அந்த முகத்தை இருபுறமும் சமமாக்கிவிடலாம்; இன்றைய கருவிகளுக்கு அது பெரிய வேலையே அல்ல. அப்படிச் சமமாக்கிக் கொண்டுவருபவரிடம் ‘இது சரியில்லை’ என்று உடனே சொல்லிவிடும் நேர்மை உங்களுக்கு உண்டு. 2005இல் ‘ரிவெஞ்ச் ஆஃப் த சித்’ படத்துக்காக டார்த் வேடரின் முகமூடியைப் படக்குழுவே இருபுறமும் ஒத்ததாக மாற்றியமைத்தது. மூயரின் கையில் பிறந்த பழைய கோணல் முகமே மேல் என்று அப்போதும் உறுதியாக நின்றவர்கள் உங்களில் உண்டு. படைத்தவர்கள் திருத்திக்கொண்ட பிறகும் பிழையைக் கைவிடாத பற்று எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

உங்கள் உழைப்பைச் சொல்லத் தொடங்கினால் சீக்கிரம் முடியாது. பெரிய பழுப்பு அட்டைப் பெட்டி வீட்டுக்கு வருகிறது. உள்ளே வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக் துண்டுகள். எது முழங்கை, எது கெண்டைக்கால் என்று புதியவருக்குப் புரியாது. வளைவுக் கத்தரியால் ஓரங்களை நறுக்குகிறீர்கள். நேர்கோடுகளைக் கத்தியால் கீறி, மடக்கி ஒடிக்கிறீர்கள். புயம், முன்கை, தொடை, கெண்டைக்கால் என்று ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக வந்து சேர வேண்டும். சேரும் இடத்தை மறைக்க வெளியே ஒரு பட்டை ஒட்ட வேண்டும். புயத்துக்கு ஓர் அகலம், காலின் முன்புறத்துக்கு ஓர் அகலம், பின்புறத்துக்கு வேறோர் அகலம், எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. பசை போட்டுக் காந்தங்களாலும் கவ்விகளாலும் பிடித்து ஒரு நாள் முழுக்கக் காத்திருந்த பிறகே அடுத்த துண்டைத் தொட முடியும். உள்ளே பட்டிகளும் அழுத்துப் பொத்தான்களும் எலாஸ்டிக்கும் தைத்து, உடம்போடு அசையும்படி தொங்கவிட வேண்டும். வயிற்றுப் பகுதியிலுள்ள சிறு பொத்தான்களின் நீலமும் சாம்பலும் ஹம்ப்ரால் பெயின்டில் எந்த எண் என்பதுவரை உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசை மாதக்கணக்கில் பட்டறையாகிவிடுகிறது. வீட்டார் வேறு எங்கோ உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

இவ்வளவும் உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால் நீங்கள் கவசத்தின்மேல் பழி போடுவதில்லை. பருமனானவர் இடையில் ஒட்டுத் துண்டு சேர்த்துக்கொள்கிறார். குள்ளமானவர் தொடையை நறுக்கிக்கொள்கிறார். இன்னும் சிலர் உடம்பையே குறைத்துக்கொள்கிறார்கள். அணிந்த பிறகு உட்கார முடியாது. குனிந்து தன் காலைப் பார்க்க முடியாது. படியில் இறங்க ஒரு துணையாள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் ஒரு மணிநேரம் நின்றால் உள்ளே அணிந்த கறுப்பு உடை பிழிந்தெடுக்கலாம்போல் நனைந்துவிடுகிறது. இந்தத் தலைக்கவசத்துக்குள் கண் தெரியவில்லை என்று படத்திலேயே லூக் ஸ்கைவாக்கர் முறையிடுகிறான்; வீரன் ஒருவன் கதவில் தலையை இடித்துக்கொள்கிறான், அதை நீக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். அந்த நடிகர்கள் காட்சி முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் கூலிக்குப் பட்ட அவதியை நீங்கள் சொந்தக் காசில் தேடி வாங்கி, விடுமுறை நாளில் படுகிறீர்கள். சகிப்புத்தன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் 1997இல் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய 501ஆவது லீஜியன் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அதில் சேர ஒவ்வொரு பாத்திரத்தின் உடைக்கும் எழுதி வைத்த இலக்கணம் உண்டு. முன், பின், பக்கவாட்டுப் படங்களை எடுத்து அனுப்ப வேண்டும்; பரிசோதிப்பவர் ஒப்பினால் உறுப்பினர், ஒப்பாவிட்டால் திருத்திக்கொண்டு மீண்டும் வர வேண்டும். ஸ்டார்ம்ட்ரூப்பருக்கு டிகே என்று தொடங்கும் எண் கிடைக்கும். அதோடு நிறைவடையாதவருக்கு எக்ஸ்பர்ட் இன்ஃபன்ட்ரி என்றொரு படி, அதற்கும் மேலே சென்சூரியன் என்றொரு படி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பகலில் பொறியாளராக, ஆசிரியராக, கடைக்காரராகத் தம் விருப்பப்படி வேலை செய்கிறவர்கள், மாலையில் தாமே முன்வந்து ஒரு திருகாணியின் தலை சரியா தவறா என்று இன்னொருவர் சொல்லும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறார்கள். பேரரசின் படைவீரனுக்குத் தனி முகம் கூடாது, தனி எண்ணம் கூடாது என்பது கதை. கதைக்குள் இருந்ததை வாழ்க்கைக்குள் கொண்டுவந்து காட்டியது உங்கள் சாதனை.

இங்கே லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் பெருந்தன்மையையும் போற்றாமல் போகக் கூடாது. தன் பாத்திரங்களின் உடையைச் செய்து அணிய உங்களை அனுமதிக்கிறது. லாபம் பார்க்கக் கூடாது என்பது அதற்கு விலை, நீங்களும் பார்ப்பதில்லை. 2007இல் ரோஸ் அணிவகுப்புக்கு ஜார்ஜ் லூகாஸ் தலைமை தாங்கியபோது பின்னால் அணிவகுத்து நடந்தவர்கள் நீங்கள். 2019இல் வெளிவந்த ‘த மாண்டலோரியன்’ தொடருக்கு வீரர்கள் போதவில்லை. கவசம் படக்குழுவின் கையில் போதிய அளவு இல்லை. உங்களை அழைத்தார்கள். அவரவர் உடையோடு வந்து நின்றீர்கள். அதற்கு ஏழு ஆண்டு முன்புதான் அந்த நிறுவனம் சுமார் 400 கோடி டாலருக்கு டிஸ்னியின் கைக்குப் போயிருந்தது. உடையும் கொடுக்காமல் ஒரு படையைத் தயாராக வைத்திருக்கும் பேரரசு வரலாற்றிலேயே அரிது. அந்தப் படை அதைக் கௌரவமாக நினைப்பது இன்னும் அரிது.

இந்தப் பெருந்தன்மைக்கு ஓர் எல்லை உண்டென்பதை ஐன்ஸ்வொர்த் அறிவார். படத்துக்குத் தலைக்கவசங்களை வார்த்துக் கொடுத்த அதே மனிதர், பல ஆண்டுகள் கழித்து அவற்றின் பிரதிகளைச் செய்து விற்றார். 2006இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் அவருக்கு எதிராக 2 கோடி டாலர் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் நடந்த வழக்கு 2011இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்தத் தலைக்கவசம் சிற்பம் அல்ல, ஆகவே சிற்பத்துக்குரிய பதிப்புரிமை அதற்கு இல்லை என்று அங்கே முடிவாயிற்று. பிரிட்டனில் அவர் விற்கலாம். அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்குப் பிரிட்டனிலேயே வழக்குத் தொடரலாம் என்பதையும் அதே நீதிமன்றம் ஏற்றது. முதல் அச்சிலிருந்து எடுத்தவர் காசு கேட்டார், வழக்கு வந்தது. நீங்கள் காசு கேட்பதில்லை, பாராட்டு வருகிறது. இந்த வேறுபாட்டை நீங்கள் நன்றாகப் புரிந்துகொண்டு நடக்கிறீர்கள்.

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குள் ஔவை நின்ற காட்சியைப் புறநானூறு காட்டுகிறது. நெய் பூசி, மாலை சூட்டி, மெருகு குலையாமல் இருக்கும் அவன் ஆயுதங்களை அவள் புகழ்கிறாள். அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். உங்கள் கொட்டிலில் நின்றால் அவளுக்கே சொல் தடுமாறும். இங்கே மெருகும் உண்டு, முறிவும் உண்டு. பாலைவன வீரனின் கவசத்தில் படிந்த புழுதியை நீங்கள் பெயின்டால் பூசியிருக்கிறீர்கள். படத்தில் எந்த இடத்தில் கறையோ அதே இடத்தில் கறை. அதியமானின் முறிந்த வேலை மாதிரியாகக் கொடுத்தால், புது வேலை அதே இடத்தில், அதே கோணத்தில் முறித்துத் தரும் திறம் உங்களுக்கு உண்டு. போருக்குப் போகாமலே தழும்பு பெறும் வழி உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தைகளைப் பார்க்கப் போகிறீர்கள். உங்கள் வருகைக்குத் தர விரும்பும் பணத்தை அறப்பணிக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள். அந்தக் குழந்தைகள் பல்லிடுக்கை எண்ணுவதில்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆல்பின் ஜான்சனின் மகளுக்கு மூளையில் புற்றுநோய் வந்தது. திரையில் ஆர்2-டி2 காவல் நிற்பதுபோல் தனக்கும் ஒரு ரோபோ காவலிருக்க வேண்டும் என்று அந்தச் சிறுமி விரும்பினாள். ரோபோ செய்யும் அன்பர்கள் கூடி ஒன்றைச் செய்தார்கள். அதன் நிறம் இளஞ்சிவப்பு. அதுவரை எந்தப் படத்திலும் அப்படியொன்று வந்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி இல்லை, இலக்கணமும் இல்லை. சிறுமியின் பெயர் ஒலிக்கும்படி அதற்கு ஆர்2-கேடி என்று பெயர் வைத்தார்கள். 2005 ஆகஸ்டில் அவள் இறந்தாள். ரோபோ அதன் பிறகு மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2015இல் ‘த ஃபோர்ஸ் அவேகன்ஸ்’ படத்தில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

திரையைப் பார்த்து நீங்கள் செய்தவை, ஆள் குறைந்த காட்சியை நிரப்பத் திரைக்குப் போயின. ஒரு குழந்தைக்காக ரோபோ அன்பர்கள் நினைத்துச் செய்த ஒன்று, தன் நிறத்தோடும் தன் பெயரோடும் திரைக்குள் போனது. இரண்டும் ஒரே ஆர்வலர் உலகின் வேலைதான். மெக்குவாரி எதையும் பார்த்து அப்படியே வரையவில்லை. பெம்பர்டனின் களிமண்ணுக்கு முன்னால் இதுதான் சரி என்று ஒரு பரிசோதகர் நிற்கவில்லை. நீங்கள் மதித்துக் காக்கும் கோணல் பிறந்ததே, யாரும் பார்த்திராத ஒன்றை அவர்கள் செய்யத் துணிந்ததால்தான். அவர்களுடைய பிசிறுவரை கற்றுக்கொண்டீர்கள். அந்தத் துணிவை மட்டும் இலக்கணத்தில் எழுதி வைக்காமல் விட்டுவிட்டீர்கள்.

தகட்டை எப்போது எடுக்க வேண்டும், பசை எங்கே விடும், மனித உடம்பின்மேல் பிளாஸ்டிக் எங்கே மடங்கும் என்று தொழில்முறைப் பட்டறைக்காரருக்கு நிகராகத் தெரிந்தவர்கள் நீங்கள். அடுத்த கவசத்தை உங்கள் தலையிலிருந்து செய்யுங்கள். உட்காரும்படி செய்யுங்கள், கண் தெரியும்படி செய்யுங்கள். அது கோணலாக வந்தால் அந்தக் கோணல் உங்களுடையதாக இருக்கட்டும்.