ஆகாயத்துக்குப் பொறுப்பான அதிகாரிக்கு நெடுந்தீவிலிருந்து ஒரு விண்ணப்பம்

மதிப்புக்குரிய ஐயா,

நெடுந்தீவில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலில் ஒரு விமானம் கட்டத் தொடங்க உத்தேசித்துள்ளேன். பதற வேண்டாம், இப்போதைக்கு வால் மட்டும்தான். பெட்டிகளில் வரும் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பொருத்தும் புதியவர்கள் பெரும்பாலும் வாலில்தான் கைவைப்பார்கள். செலவு குறைவு, றிவெட் அடித்துப் பழகலாம், தகடு கோணினாலும் நட்டம் சிறிது. வால் தனியாகப் பறந்து நாட்டின் வான்பரப்புக்குப் பங்கம் விளைவித்ததாக எங்கும் பதிவில்லை.

வடக்கில் ஒருவன் இறக்கை என்று வாயெடுத்தாலே உங்கள் பேனா ஏன் தயங்கும் என்பது எனக்கு விளங்கும். 2007 மார்ச் 26 அதிகாலையில் கட்டுநாயக்க விமானத் தளத்துக்கு மேலே வந்த புலிகளின் சிறு விமானங்களை நீங்களும் மறக்கவில்லை, நாங்களும் மறக்கவில்லை. ஆனால் களவாகக் கட்டுகிறவன் வாலின் நீள அகலத்தை மூன்று பிரதிகளில் எழுதி, கிராம அலுவலரின் ஒப்பத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புவானா ஐயா?

வெளிப்படையாகக் கட்டியவர்களும் உண்டு. கேரளத்து ஆலப்புழைக்காரர் அசோக் தாமரக்ஷன் இங்கிலாந்தின் எசெக்ஸில், கொரோனா முடக்க காலத்தில், தென்னாபிரிக்காவிலிருந்து பெட்டிகளில் வந்த ஸ்லிங் விமானத்தைப் பொருத்தினார். நாலு பேர் ஏறலாம். 2022 பெப்ரவரியில் அது பறந்தது. பிறகு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஐரோப்பா சுற்றினார். அங்கே இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர் கட்டக் கட்ட வந்து பார்த்து ஒப்பமிடுவாராம். இங்கேயும் யாராவது வரலாம். கூழும் ஒடியல் பிட்டும் எங்கள் பொறுப்பு.

எங்களுக்கு நெருங்கிய சொந்தம் மும்பை அமோல் யாதவ்தான். காந்திவலியில் மொட்டைமாடியில் ஆறு பேர் ஏறும் விமானத்தையே கட்டியவர். 2011இல் பதிவுக்கு விண்ணப்பித்தார், 2017இல் கிடைத்தது. விமானத்தைக் கிரேன் வைத்துக் கீழே இறக்கினார்கள். கோப்புகளை இறக்கும் கிரேனை இன்னும் ஒருவரும் செய்யவில்லை. கடைசியில் கிடைத்த பதிவெழுத்துகள் வி.டி-என்.எம்.டி. பிரதமர் நரேந்திர மோடிக்கும் அப்போதைய மகாராட்டிர முதல்வர் தேவேந்திர பட்னாவிஸுக்கும் நன்றியாம். அந்த மரியாதைக்கு நானும் தயார். எந்த அமைச்சரின் முதலெழுத்து வேண்டுமென்று அறிவியுங்கள். ஆனால் இங்கே அமைச்சர்கள் மாறும் வேகத்துக்கு என் றிவெட் ஈடுகொடுக்காது. ஆகவே அந்த எழுத்துகளைச் சோக்கட்டியால் எழுதவும் சேர்த்து அனுமதி தரவேண்டும்.

என் தகுதி பற்றிக் கேட்பீர்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள். சிறு விமானங்களுக்கான ரோட்டாக்ஸ் 912 இயந்திரம் கார்ப் பெற்றோலிலேயே ஓடும் என்று வாசித்தபோது எங்களுக்கு அது ஆடம்பரமாகத் தெரிந்தது. (விமானத்தில் மண்ணெண்ணெய் விட்டுப் பார்க்கமாட்டேன் என்று இத்தால் உறுதியளிக்கிறேன்.)

உண்மையான எதிரி உப்புக்காற்று. சைக்கிள் றிம்மையே தின்கிற காற்று அலுமினியத்தை விடுமா? ஒவ்வொரு தகட்டுக்கும் உட்புறம் பிறைமர் பூசாமல் மூடமுடியாது. ஓடுபாதைக்குத் தரை தட்டையாகவே கிடக்கிறது. எங்கள் தீவின் காட்டுக் குதிரைகளிடம் மட்டும் தனியே அனுமதி பெறவேண்டும். அவை படிவம் கேட்காது.

படகு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலம். காற்று எழும்பினால் அதுவும் இல்லை. இரவில் நெஞ்சுக்குத்து வந்தவரும் காற்று இறங்கத்தான் பார்த்திருப்பார். அவரை விமானத்தில் ஏற்றுவேன் என்று வாக்களிக்க என்னிடம் இன்னும் வால்கூட இல்லை. ஆனால் வானம் காலியாகக் கிடக்கிறது என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பதிலைத் தபாலில் அனுப்புங்கள். கடல் கொந்தளித்தால் படகு வராது, படகு வராவிட்டால் தபாலும் வராது. பதில் வராத நாட்களை அனுமதி என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் அதே கடிதத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
வாலில்லா விமானக்காரன்